டீடலஸ் இறக்கையில் ஒரு மீட்டர்

கடைசியில் தராசு காட்டியது 234 கிராம். ஒரு மீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இறக்கைத் துண்டு, உள்ளே போகும் கார்பன் குழாயையும் சேர்த்து. தலைகீழாகப் போட்டு மணல் பொட்டலங்களை அடுக்கினால் 6 கிலோ வரை தாங்குகிறது. இதே அளவில் முதலில் கட்டியது 430 கிராம் இருந்தது. 3 கிலோ ஏறுவதற்குள் முறுக்கிக்கொண்டது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி வந்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். தெர்மாகோல், பிலிம், பசை மூன்றோடும் மல்லுக்கட்டப் போகிற யாருக்காவது உதவும்.

எந்த விமானத்தின் இறக்கை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988 ஏப்ரல் 23 அன்று கனெல்லோஸ் கனெல்லோபுலோஸ் என்ற கிரேக்க சைக்கிள் வீரர், கிரீட் தீவின் இராக்லியோனிலிருந்து சாந்தோரினி தீவு வரை பெடல் மிதித்தே பறந்தார். 115.11 கிலோமீட்டர், 3 மணி 54 நிமிடம். எஞ்சினும் இல்லை, பேட்டரி மோட்டாரும் இல்லை. அந்த விமானம்தான் டீடலஸ் 88. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்தவர்களும் படித்து முடித்தவர்களும் சேர்ந்து கட்டியது. இறக்கை நுனிக்கு நுனி 34 மீட்டர். ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இறக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் டீடலஸின் எடை 31 கிலோ. ஆள் பலத்தில் மட்டும் பறந்த தூரத்தில் அதை இதுவரை யாரும் தாண்டவில்லை.

31 கிலோவை 34 மீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 900 கிராம் சொச்சம். இதில் வால், புரொப்பெல்லர், பெடல், கியர், ஆள் உட்காரும் கூடு எல்லாம் அடக்கம். அப்படியானால் இறக்கைக்கு மட்டும் என்ன மிஞ்சியிருக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்பதைவிடக் கையால் செய்து பார்த்தால்தான் உறைக்கும் என்று தோன்றியது. முழு இறக்கை கட்ட இடமும் கிடையாது, பணமும் கிடையாது. ஒரு மீட்டர் போதும்.

முதலில் 1979இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய இன்னொரு பெடல் விமானமான காசமர் ஆல்பட்ராஸின் இறக்கையைத்தான் எடுப்பதாக இருந்தேன். அதன் இறக்கை அகலம் சராசரியாக ஒன்றரை மீட்டர் வருகிறது. கடையில் கிடைக்கும் தெர்மாகோல் அட்டையோ 1 மீட்டருக்கு அரை மீட்டர். ஒவ்வொரு ரிப்பையும், அதாவது இறக்கைக்குள் நிற்கும் குறுக்கு எலும்பையும், ஒட்டுப்போட வேண்டியிருக்கும். டீடலஸின் இறக்கைப் பரப்பு 30.8 சதுர மீட்டர். சராசரி அகலம் 90 சென்டிமீட்டர். அட்டைக்குள் அடங்கிவிடும். இவ்வளவுதான் தேர்வுக்குக் காரணம்.

தாங்க வேண்டிய சுமையும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. ஆளோடு சேர்த்து 104 கிலோ என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 3.4 கிலோ. என் துண்டின் பரப்பு 0.9 சதுர மீட்டர், ஆக 3 கிலோ. காற்றின் குலுக்கலுக்காக அதைப்போல் இரண்டு மடங்கு, 6 கிலோ தாங்கினால் தேறியது என்று முடிவு செய்தேன்.

வடிவமும் வார்ப்பும்

இறக்கையின் குறுக்குவெட்டை எம்.ஐ.டி.யின் மார்க் ட்ரேலா இந்த விமானத்துக்கென்றே வரைந்தார். டிஏஇ-11, டிஏஇ-21, டிஏஇ-31 என்று வரிசையாகப் பெயர். 11 நடு இறக்கைக்கு, மற்றவை நுனியை நோக்கிப் போகப் போக. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஏர்ஃபாயில் (இறக்கைக் குறுக்குவெட்டு) தொகுப்பில் வடிவத்தை வரையத் தேவையான புள்ளிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் 11ஐ எடுத்துக்கொண்டேன். கட்டட வரைபடம் அச்சடிக்கும் கடையில் பிளாட்டரில் போட்டு வாங்கினேன். கூடவே 90 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோட்டையும் வரைந்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முதல் தாளில் அந்தக் கோடு 88.6 தான் இருந்தது. இயந்திரம் தாளுக்குத் தக்கபடி தானே சுருக்கிவிட்டிருக்கிறது. ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் கடையை விட்டு இறங்கக்கூடாது.

வார்ப்புக்கு, அதாவது வெட்டும்போது கம்பிக்கு வழிகாட்டும் தகட்டுக்கு, சன்மைகா துண்டுகள். தச்சரிடம் கழிவாகக் கிடந்தவை. தாளை ஒட்டி, ஹாக்ஸா பிளேடால் வெட்டி, அரம் போட்டு, 220 உப்புத்தாளில் தேய்த்து முடித்தேன். தெர்மாகோலை வெட்டும் சூடான கம்பி இதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், சன்மைகா கருகாது. பிளைவுட்டில் செய்தால் நரம்பு நரம்பாக இருக்கும் இடங்களில் கம்பி தடுக்குகிறது. தடுக்கிய ஒவ்வொரு இடத்திலும் தெர்மாகோலில் ஒரு பள்ளம் விழும்.

ரிப் வெட்டியது

ரிப் என்பது இறக்கைக்குள் குறுக்காக நிற்கும் விலா எலும்பு. இறக்கையின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது இதுதான். டிஏஇ-11 கிட்டத்தட்ட 13 சதவீதத் தடிமன் உள்ளது. 90 சென்டிமீட்டருக்கு 11.6 சென்டிமீட்டர் உயரம் வரும். பெரிய கட்டியாக இறக்கையை வெட்டிவிட்டு, பிறகு ரொட்டி போலத் துண்டு போடலாம் என்று ஆரம்பித்தேன். 75 மில்லிமீட்டர் அட்டையும் 50 மில்லிமீட்டர் அட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் உயரம் சரியாக வரும்.

ஒட்டினால்தானே. மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை ஓரத்தில் காய்ந்தது. நடுவில் காற்றுப் போக வழியில்லாமல் நாள்கணக்கில் பால் போலவே இருந்தது. ரப்பர் பசை வேகமாகப் பிடித்தது. அதிலிருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிட்டதால் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. சரி என்று ஓரம் காய்ந்ததையே எடுத்து வெட்டலாம் என்றால், நீளக் கம்பி வேறு பிரச்சினை செய்தது.

அரை மீட்டர் அகலக் கட்டிக்குக் கம்பி 60 சென்டிமீட்டராவது வேண்டும். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அக்கா பையன். இரண்டு வார்ப்பிலும் ஒரே இடங்களில் எண் போட்டுவைத்து, சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும்.

"பதினேழு."

"மாமா, நான் பத்தொன்பதுக்கு வந்துட்டேன்."

எண்கள் சேர்ந்து வந்தபோதும் கம்பியின் நடுப்பகுதி பின்தங்கியது. ஓரத்தில் தெர்மாகோல் சீக்கிரம் உருகுகிறது, நடுவில் கம்பி வில்லாக வளைந்து தாமதமாக வருகிறது. மூக்குப் பகுதியில் திரும்பும்போது நடு ரிப்புகள் ஓரத்து ரிப்புகளைவிட 4 மில்லிமீட்டர் வரை தடித்துவிட்டன. கம்பிக்கு ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டியதில் பாதி குறைந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் தீர்வு கடை அலமாரியிலேயே இருந்தது. 10 மில்லிமீட்டர் அட்டை. ரிப்பைப் படுக்கவைத்து வெட்டினால் ஒட்டவே வேண்டாம். ஆறு அட்டையை அடுக்கி, மேலும் கீழும் சன்மைகா வார்ப்பை வைத்து, கழிவுப் பகுதியில் நீளக் குண்டூசிகள் குத்தி, ஒரே இழுப்பில் ஆறு ரிப். தெர்மாகோலுக்குள் இருக்கும் கம்பி 6 சென்டிமீட்டர்தான் என்பதால் வளைவதற்கு வழியே இல்லை. ஆறு ரிப்பையும் நிமிர்த்தி விரலால் தடவினால் படி தெரியவில்லை.

கம்பி 26 கேஜ் நைக்ரோம், 45 சென்டிமீட்டர். 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர்; நடுவில் எல்.இ.டி. பட்டைகளுக்குப் போடும் டிம்மர். 2 ஆம்பியருக்குப் பக்கத்தில் வைத்தால் நிதானமாக, தலைமுடி போன்ற நூல்களை மட்டும் விட்டுக்கொண்டு வெட்டுகிறது. அதற்கு மேல் ஏற்றினால் கம்பி போகும் பாதை அகன்று, ரிப் வார்ப்பைவிட ஒரு மில்லிமீட்டர் இளைக்கிறது. மொட்டை மாடியிலோ திறந்த வாசலிலோதான் செய்ய வேண்டும். அந்தப் புகை நெஞ்சுக்கு நல்லதல்ல.

தெர்மாகோல் வாங்கப் போகும்போது பாக்கெட் தராசு ஒன்றைக் கொண்டுபோங்கள். நகை நிறுக்கும் மாதிரி, 0.1 கிராம் காட்டும், 450 ரூபாய். ஒரே கடையில், ஒரே கட்டில், ஒரே தடிமனில் 10 மில்லிமீட்டர் அட்டைகள் 56 கிராமிலிருந்து 85 கிராம் வரை இருந்தன. "என்ன சார், தெர்மாகோலைப் போய் நிறுக்கறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். 60 கிராம் பக்கம் இருந்ததை மட்டும் பொறுக்கி எடுத்தேன். ரிப் ஒன்று 8.3 கிராம் வந்தது. பின்பக்கம் வட்ட ஓட்டைகள் போட்டதில் 6.7 ஆனது. அந்த ஓட்டைகளைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஸ்பார்

ரிப்புகளைக் கோத்து நிற்கும் முதுகெலும்பு ஸ்பார். முதல் துண்டுக்கு 25 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய், சுவர் 1 மில்லிமீட்டர். மீட்டருக்கு 205 கிராம். முழுத் துண்டில் கிட்டத்தட்ட பாதி எடையை அதுவே தின்றுவிட்டது.

அலுமினியத்திலேயே சாதித்தவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் பால் மெக்ரெடி 1977இல் பறக்கவிட்ட காசமர் கண்டோர் அலுமினியக் குழாய் விமானம். குழாயின் சுவரை அமிலத்தில் அரிக்கவிட்டு மெல்லியதாக்கினார்கள். அதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசை எனக்கு வரவில்லை. அவர்களே அடுத்த விமானமான ஆல்பட்ராஸில் கார்பன் குழாய்க்கு மாறிவிட்டார்கள். நானும் டிரோன் பாகங்கள் விற்பவரிடம் 20 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 18 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள கார்பன் குழாய் வாங்கினேன். 96 கிராம், 1,650 ரூபாய்.

குழாய் வட்டமானது என்பதில் ஒரு தலைவலி இருக்கிறது. ரிப்பின் ஓட்டை தெர்மாகோல், பிடிப்பு கிடையாது. முதல் துண்டில் பின்பக்கம் சுமை ஏற ஏற ரிப்புகள் குழாயைச் சுற்றித் திரும்பின. இறக்கை உடையவில்லை, பின்விளிம்பு மட்டும் மெல்லத் தொங்கிக்கொண்டே போனது. பசையைத் தாராளமாகப் பூசிப் பார்த்தேன். எடை ஏறியதுதான் மிச்சம், பசையோடு சேர்ந்து தெர்மாகோல் மணிகள் பிய்ந்து வந்தன. இரண்டாவது துண்டில் ஒவ்வொரு ரிப்பின் இரு முகத்திலும் தடித்த மணிலா அட்டையில் வளையம் வெட்டி ஒட்டினேன். வளையத்துக்கும் குழாய்க்கும் நடுவே மட்டும் ஒரு சுற்று எபாக்சி. அட்டை அகலமாக இருப்பதால் சுமை தெர்மாகோலில் பரவிவிடுகிறது. பன்னிரண்டு வளையமும் சேர்ந்து 12 கிராம். திரும்பல் நின்றுவிட்டது.

பிலிம்

நேரமெல்லாம் போனது இதில்தான். டீடலஸில் போர்த்தியது மைலார், அதாவது பாலியெஸ்டர் பிலிம், அரை மில் தடிமன் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் கணக்கில் 12, 13 மைக்ரான்.

மலையேறுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் வெள்ளி நிற அவசரப் போர்வையும் கிட்டத்தட்ட அதே தடிமன் பாலியெஸ்டர்தான். 150 ரூபாய்க்கு வாங்கி முதல் துண்டுக்குப் போர்த்தினேன். மடிப்புத் தடங்கள் எத்தனை சூடு காட்டினாலும் போகவில்லை. அதைவிட மோசம், உள்ளே ரிப் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. குத்துமதிப்பாகச் சூடு காட்டினேன்.

பிறகு ஒரு நண்பர் மூலம், தின்பண்டப் பாக்கெட் அச்சடிக்கும் இடத்திலிருந்து அச்சேறாத பிலிம் சுருளின் கடைசிப் பகுதி கிடைத்தது. பாக்கெட்டுகளின் வெளி அடுக்குக்கு வழக்கமாகப் போடுவது 12 மைக்ரான் பாலியெஸ்டர்தான். சந்தேகத்துக்கு ஒரு சதுர மீட்டர் வெட்டித் தராசில் வைத்தேன்: 16.8 கிராம். பாலியெஸ்டரின் அடர்த்தி 1.39 என்று வைத்தால் சரியாக 12 மைக்ரான். ஸ்குரூ கேஜ் இல்லாதவர்களுக்கு இதுவே நல்ல வழி, அளவெடுப்பதைவிடத் துல்லியமும்கூட.

சிக்கல் சூட்டில். பாலியெஸ்டர் நன்றாக இறுக 120 டிகிரிக்கு மேல் வேண்டும். தெர்மாகோல் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். முதல் துண்டில் ஹீட் கன்னை மேலோட்டமாக எல்லா இடத்திலும் காட்டினேன். பிலிம் இறுகியது, ரிப்பின் மேல்விளிம்பு அதற்குக் கீழே உருகிப் பள்ளம் பள்ளமாக இறங்கியது. டிஏஇ-11 என்று ஆரம்பித்தது என்னவோ பெயர் தெரியாத வடிவமாக முடிந்தது.

இரண்டாவது துண்டில் சூட்டை நம்பவில்லை. ரிப் விளிம்புகளில் 6 மில்லிமீட்டர் இருபக்க டேப். பிலிமைப் பழைய ஜன்னல் சட்டம் ஒன்றில் நாலு பக்கமும் இழுத்து ஒட்டி, தட்டினால் சத்தம் வரும் அளவுக்குக் கையாலேயே இறுக்கிவிட்டு, சட்டத்தோடு தூக்கி இறக்கையின்மேல் இறக்கினோம். பையன் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, நான் முன்விளிம்பிலிருந்து பின்னால் துணியால் நீவிக்கொண்டே வந்தேன். அதன்பிறகு ஹீட் கன் குறைந்த சூட்டில், 15 சென்டிமீட்டர் தள்ளி, ரிப்புகளுக்கு நடுவே மட்டும், நிறுத்தாமல் ஓட்டினேன். ரிப்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்தில் சின்னச் சுருக்கங்கள் நின்றன. அவற்றைத் தொடவேயில்லை. அங்கே கைவைத்தால்தான் கெடும்.

பிலிம் இறுகும்போது பின்விளிம்பை உள்ளே இழுக்கிறது. வெறும் தெர்மாகோல் விளிம்பு ரிப்புக்கு ரிப் வளைந்து தோரணம் கட்டிவிடும். முதல் துண்டில் இதற்குப் பயந்து 45 கிராமுக்கு மரச் சட்டம் போட்டிருந்தேன். இரண்டாவதில் மூங்கில் சிம்பு, 4க்கு 3 மில்லிமீட்டர், கண்ணாடித் துண்டால் சீவியது, 9 கிராம். வளைவு இருக்கிறது, ஆனால் அளந்தால் 2 மில்லிமீட்டர்தான். மூங்கிலை இன்னும் கொஞ்சம் பட்டையாகச் சீவியிருக்கலாம்.

முன்விளிம்பில் பிலிம் மட்டும் போதாது. ரிப்புகளுக்கு இடையே பிலிம் உள்வாங்கினால் மூக்கின் வளைவு போய்விடும், ட்ரேலா பட்ட பாடெல்லாம் வீண். 4 மில்லிமீட்டர் தெர்மாகோல் தகடு வெட்டி, மேலே 35, கீழே 12 சென்டிமீட்டர் வரை போர்த்தினேன். தகட்டை வளைக்கும்போது விரிசல் விடாமல் இருக்க உள்பக்கம் பிளேடால் லேசாகக் கோடு கோடாகக் கீறிக்கொள்ள வேண்டும். 24 கிராம். மெக்ரெடி ஆட்கள் கண்டோரின் முன்விளிம்பை நெளி அட்டையிலும் தெர்மாகோல் வகை ஃபோமிலும் செய்தார்கள். பெட்டி செய்யும் அதே அட்டைதான். பார்க்க ஏழ்மையாக இருந்தாலும் பரிசு வாங்கிய விமானம் அது.

மணல்

இறக்கையைக் காற்று மேல்நோக்கித் தூக்கும். அதனால் சோதனைக்குத் தலைகீழாகக் கவிழ்த்து, ஸ்பாரின் இரு முனைகளை மட்டும் ஸ்டூல்களில் தாங்கவிட்டேன். சலித்த மணல், 100 கிராம் பொட்டலங்கள். பிலிமின்மேல் வைக்காமல் ரிப்புகளுக்கு நேர் மேலே. மூன்றில் இரண்டு பங்கு முன்பாதியில், மிச்சம் பின்னால்.

3 கிலோவில் எதுவும் அசையவில்லை. 6 கிலோவில், ரிப்புக்குப் பத்துப் பொட்டலம், பின்விளிம்பு 7 மில்லிமீட்டர் இறங்கியது. எடுத்ததும் பழையபடி ஏறிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே உடையும் என்று தெரியாமல் தூக்கம் வராது என்பதால் மேலும் ஏற்றினேன். ஆறரையில் இரண்டாவது ரிப்பில் 'டிக்' என்று ஒரு சத்தம். எடை குறைக்கப் போட்ட வட்ட ஓட்டைகளில் ஸ்பாருக்கு மிக அருகில் இருந்த ஓட்டையிலிருந்து விரிசல். அந்த ஓட்டையால் மிச்சமானது அரை கிராம்கூட இருக்காது.

ரிப்பேர் அரை மணி நேர வேலை. பிலிமை மூன்று பக்கம் கீறிக் கதவு மாதிரித் திறந்து, விரிசலின் இரு பக்கமும் தெர்மாகோல் பத்தை வைத்து ஒட்டி, கதவை மூடி ஒளி ஊடுருவும் டேப். 3 கிராம் கூடியது. மறுநாள் மறுபடி 6 கிலோ ஏற்றினேன், நின்றது.

மெக்ரெடியின் வழியில் எனக்குப் பிடித்தது இந்த அரை மணிதான். ஒரு லட்சம் டாலர் பக்கம் கடனில் இருந்தவர் அவர். எட்டு வடிவத்தில் ஒரு மைல் பறக்கும் ஆள்பலம் விமானத்துக்கு ஹென்றி கிரெமர் என்ற தொழிலதிபர் அறிவித்திருந்த 50,000 பவுண்டு பரிசு அந்தக் கடனுக்குச் சமம் என்று கணக்குப் போட்டு இறங்கினார். மற்றவர்கள் அழகான, நுணுக்கமான விமானங்களைக் கட்டினார்கள். ஒருமுறை விழுந்தால் சரிசெய்ய மாதங்கள் ஆகும். கண்டோரில் இருந்ததெல்லாம் குழாய், கம்பி, டேப், பிலிம். மெதுவாகப் பறக்கும், தாழப் பறக்கும், விழுந்தாலும் ஓட்டுகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒட்டிக் கட்டி மறுபடி கிளப்பிவிடலாம். விழுந்து விழுந்து மாற்றிக்கொண்டே வந்து 1977 ஆகஸ்ட் 23இல் ஷாஃப்டர் என்ற ஊரில் பிரையன் ஆலன் கண்டோரை மிதித்து ஓட்டி அந்தப் பரிசை வாங்கித்தந்தார். அவரே 1979 ஜூன் 12 அன்று ஆல்பட்ராஸில் ஃபோக்ஸ்டனிலிருந்து பிரான்சின் காப் கிரி-நே முனை வரை 35.8 கிலோமீட்டரை 2 மணி 49 நிமிடத்தில் மிதித்துக் கடந்தார். இரண்டு மணி நேரத்துக்குத்தான் தண்ணீர் கொண்டுபோயிருந்தார். எதிர்காற்றில் களைத்து, போதும், படகில் கட்டி இழுத்துவிடுங்கள் என்று சைகை காட்டி, கயிறு மாட்ட வசதியாகக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறார். மேலே காற்று அமைதியாக இருந்ததால் அப்படியே மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

டீடலஸ் இந்த ஒட்டுவேலை வழியில் வந்ததல்ல. 115 கிலோமீட்டருக்கு அது போதாது. ஆள் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் விடாமல் 200 வாட் சொச்சம் கொடுக்க வேண்டும். என் தோராயக் கணக்கில் ஒரு கிலோ கூடினால் 3 வாட் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். அதனால் வழவழப்பான இறக்கை, கார்பன் ஸ்பார். 1987 ஜனவரியில் அதன் முன்னோடி லைட் ஈகிள் எட்வர்ட்ஸ் விமானத் தளத்தில் 58 கிலோமீட்டர் பறந்தது. எடை 42 கிலோ. அதிலிருந்து 11 கிலோவைக் கழித்ததுதான் டீடலஸ். அரை மணியில் ஒட்ட முடியாது என்பதால் இரண்டு விமானமாகக் கட்டிவைத்தார்கள். 1988 பிப்ரவரியில் சோதனையின்போது ஒன்று விழுந்தது. அதைத் திரும்பக் கட்டி மாற்று விமானமாக வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கிரீட்டிலிருந்து பறக்கவிட்டார்கள். அதுவும் சாந்தோரினியின் பெரிஸா கடற்கரையில் இறங்கப் பார்க்கும்போது காற்று அடித்து வால் தண்டு முறிந்து, இறக்கையும் முறிந்து, கரைக்கு 7 மீட்டர் முன்னால் தண்ணீரில் விழுந்தது. ஓட்டியவர் நீந்திக் கரையேறினார். எவ்வளவு இழுத்துப்பிடித்து எடையைக் குறைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த 7 மீட்டரில் தெரிகிறது. பத்திரமாக இறங்கும் அளவுக்குத் தடித்த வால் தண்டு போட்டிருந்தால் அவ்வளவு தூரம் வந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

கணக்கு

இரண்டாவது துண்டின் எடைப் பட்டியல்: ரிப் 40, மணிலா வளையம் 12, முன்விளிம்புத் தகடு 24, மூங்கில் 9, பிலிம் 31, பசையும் டேப்பும் 22, ஸ்பார் 96. முதல் துண்டில் பசை மட்டும் 70 கிராம் என்பதைக் கவனியுங்கள். அதில் பாதிக்கு மேல் எதையும் ஒட்டவில்லை, சும்மா பூசிக்கிடந்தது. தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சில் பசை வைக்க ஆரம்பித்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

234ஐ 34ஆல் பெருக்கினால் 8 கிலோ வருகிறது. இதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். என் ஸ்பார் ஒரு மீட்டரை இரு முனையிலும் தாங்கிப் பிடித்தது. உண்மையான இறக்கை நடுவிலிருந்து இருபுறமும் 17 மீட்டர் அந்தரத்தில் நீள்கிறது. அந்த வளைவையெல்லாம் நடு ஸ்பார்தான் வாங்க வேண்டும். இந்த 20 மில்லிமீட்டர் குழாய் அங்கே ஒரு நொடி நிற்காது. ரிப், பிலிம், முன்விளிம்பு ஆகியவற்றின் எடை மட்டும் ஒப்பிடத் தகுந்தது.

செலவு: வீணான தடிமன் அட்டைகளையும் சேர்த்து தெர்மாகோல் 700, நைக்ரோம், அடாப்டர், டிம்மர் 900, கார்பன் குழாய் 1,650, அலுமினியக் குழாய் 320, போர்வை 150, அச்சு 180, தராசு 450, எபாக்சி, டேப் வகையறா 400. மொத்தம் 4,750 ரூபாய். நேராக இரண்டாவது துண்டையே கட்டியிருந்தால் 4,000க்குள் முடிந்திருக்கும். பிலிமுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். ஒரு கிலோ மிக்சர் கொடுத்தேன்.

அடுத்தது மூன்று மீட்டர். ரிப் இடைவெளியை 20இலிருந்து 15 சென்டிமீட்டராக்கி, ரிப்பை 8 மில்லிமீட்டருக்கு இளைக்கப் போகிறேன். ஓட்டைகள் பின்பாதியில் மட்டும், ஸ்பாருக்கு ஒரு சாண் தள்ளி. ஜன்னல் சட்டத்துக்குப் பதில் பிலிமுக்கென்றே நீளச் சட்டம் அடிக்க வேண்டும். ஸ்பாருக்கு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அளவுக் குழாய்கள், நடுவில் தடிமன் கூட. இந்தத் துண்டில் இருக்கும் கார்பன் குழாயை உருவி எடுத்துக்கொள்ளலாமா என்று முயன்றேன். எபாக்சி விடமாட்டேன் என்கிறது. ஆக, இன்னொரு 1,650.